பல்பு எரிகிறது, ரேடியோ இரைகிறது

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் அபெர்ஹோசன் என்று ஒரு சின்ன கிராமம். ஒன்றரை வருட காலம் அங்கே தினமும் காலை ஏழு மணி அடித்தால் போதும், ஊர் முழுக்க இன்டர்நெட் படுத்துவிடும். கம்பெனிக்காரர்கள் கேபிளை மாற்றிப் பார்த்தார்கள். பலனில்லை. கடைசியில் ஒரு குழு விடியற்காலையில் கொட்டும் மழையில், ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்ற கருவியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தது. ஏழு மணிக்குக் கருவி துள்ளிக் குதித்தது. ஒரு வீட்டில் இருந்த பழைய டி.வி. செட்தான் காரணம். காலையில் எழுந்ததும் அதைப் போடுவது அந்த வீட்டுக்காரரின் வழக்கம். விஷயம் தெரிந்ததும் அவர் கூனிக் குறுகிப்போய், இனி அதைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டார். 2020 செப்டம்பரில் இது உலகச் செய்தியானது.

அந்த டி.வி.யில் சொந்தக்காரருக்கு ஒரு குறையும் இல்லை. படம் வந்தது, சத்தம் கேட்டது. ஷாக் அடிக்கவில்லை, தீப்பிடிக்கவில்லை. வாங்குகிறவர் பார்க்கும் எல்லா விஷயங்களிலும் அது பாஸ். அக்கம்பக்கத்தாரிடம் நடந்துகொண்ட விதத்தில்தான் ஃபெயில். ஒரு மின்சாதனம் தன் அண்டை அயலை எவ்வளவு தொந்தரவு செய்கிறது, அவை போடும் இரைச்சலைத் தான் எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று பரீட்சை வைக்கும் இயல் ஒன்று உண்டு. சுருக்கமாக இ.எம்.சி. தமிழில் மின்காந்த இணக்கம். நம் நாட்டில் சில பொருள்கள் இந்தப் பரீட்சையை எழுதியே தீரவேண்டும். வேறு பல எழுதாமலே கடைக்கு வந்து, நம் வீட்டுக்கும் வந்துவிடுகின்றன.

அடிப்படை பௌதிகம் எளிது. மின்சாரம் சட்டென்று மாறும்போதெல்லாம் அலை கிளம்பும். 1890களின் நடுவில் ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் பலர் முன்னிலையில் இதைச் செய்து காட்டினார். ஓர் இடத்தில் பொறி பறந்தது. சுவரைத் தாண்டிப் போன அலை தூரத்தில் ஒரு மணியை அடித்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது. அன்று அது அதிசயம். இன்று யாரும் கேட்காமலே அடுத்த வீட்டுப் பொறி உங்கள் வீட்டு மணியை அடித்தால் அது கோளாறு.

இந்தக் கோளாறு நமக்குப் பழக்கமானதுதான். தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மகாபாரதம் ஓடும்போது பக்கத்து வீட்டு மிக்ஸி பீஷ்மர் முகத்தில் கோடு கிழித்தது நினைவிருக்கலாம். மிக்ஸி மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் பறந்த பொறிகள் செய்த வேலை அது. தெருவில் போன மோட்டார் சைக்கிளின் ஸ்பார்க் பிளக்கும் தன் பங்குக்குப் புள்ளி வைத்தது. பின்னால் செல்போன் வந்தது. அழைப்பு வருவதற்கு ஒரு வினாடி முன்பே மேஜை மேல் இருந்த ரேடியோ 'டிக்டிக் டிக்டிக்' என்று ஜோசியம் சொன்னது. ஜி.எஸ்.எம். போன் வினாடிக்கு 217 தடவை துடித்துத் துடித்து அலை அனுப்பியதன் விளைவு.

மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடும். மோட்டார் சைக்கிள் போய்விடும். இன்றைய தொந்தரவு நிரந்தரமாகக் குடிவந்திருக்கிறது. பழைய குண்டு பல்பு ரேடியோவுக்குப் பரம சாது. சூடான ஒரு கம்பி, அவ்வளவுதான். எல்.இ.டி. பல்பு அப்படியில்லை. அதன் அடிப்பாகத்தில் ஒரு குட்டி மின்சுற்று இருக்கிறது. 230 வோல்ட்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்ற அது மின்சாரத்தை வினாடிக்குப் பல பத்தாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. ஒவ்வொரு வெட்டும் ஒரு சின்ன அலை. அதன் மடங்குகள் மீடியம் வேவ், ஷார்ட் வேவ் வரைக்கும் நீளும். சுவருக்குள் ஓடும் வயரிங் இலவச ஆன்டெனா. மொபைல் சார்ஜர், லேப்டாப் அடாப்டர், மொட்டைமாடி சோலார் இன்வெர்ட்டர், மின்சார ஸ்கூட்டர் சார்ஜர் எல்லாம் இதே ஜாதி. 2015ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் விநியோகமாயின. மின்சாரம் மிச்சமானது பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் வெட்டிக் கொடுக்கும் மின்சுற்று இன்று ஒவ்வொரு வீட்டிலும் பத்துப் பதினைந்து இடங்களில் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதை அடக்க ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. உள்ளே ஒரு சின்ன சுருள், ஓரிரண்டு கெப்பாசிட்டர் போட்டு வடிகட்டினால் இரைச்சல் வயரிங்குக்கு ஏறாது. சில ரூபாய் சமாசாரம். விலைப் போட்டி வரும்போது முதலில் காணாமல் போவதும் அதுதான். எடுத்துவிட்டாலும் பல்பு எரியும். வாங்கியவருக்கு வித்தியாசம் தெரியாது.

உலகம் இதற்குச் சட்டம் போட்ட கதை சுவாரஸ்யமானது. ரேடியோ பரவத் தொடங்கிய நாள்களிலேயே தொல்லை ஆரம்பித்துவிட்டது. 1934ல் ரேடியோ இடையூறுக்கென்றே சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு பிறந்தது. இன்றும் உலகம் பின்பற்றும் இரைச்சல் வரம்புகளில் பெரும்பகுதி அதன் கைவேலை. 1975ல் கலிபோர்னியாவில் ஸ்டீவ் டாம்பியர் என்பவர் ஆல்டேர் என்ற ஆரம்பகாலக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோவை வைத்தார். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது. ஆனால் கணக்குப் போடும்போது அது கிளப்பிய இரைச்சல் ரேடியோவில் கேட்டது. இரைச்சல் ஏறி இறங்கும்படி புரோகிராம் எழுதி ஒரு பீட்டில்ஸ் பாட்டையே வாசிக்க வைத்தார். கூட்டம் கைதட்டியது. சில வருடங்களில் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் ஆயிரக்கணக்கில் விற்று, அக்கம்பக்கத்து டி.வி.க்கள் கலங்கியபோது யாரும் கைதட்டவில்லை. அமெரிக்க அரசின் எஃப்.சி.சி. 1979ல் கம்ப்யூட்டர் கருவிகளுக்கு வரம்பு விதித்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த டி.ஆர்.எஸ்.-80 முதல் மாடல் அந்த வரம்புக்குள் அடங்காததால் 1981ல் கடையைக் கட்டியது.

ஐரோப்பா இன்னும் ஒரு படி போனது. 1996 ஜனவரி 1 முதல் அங்கே விற்கும் மின்சாதனங்களுக்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, பிறரைத் தொந்தரவு செய்யக்கூடாது. இரண்டு, பிறரின் நியாயமான தொந்தரவைத் தாங்க வேண்டும். அமெரிக்கா பொதுவான வீட்டுப் பொருள்களுக்கு முதல் நிபந்தனையைத்தான் விதிக்கிறது. இரண்டாவதை உற்பத்தியாளரின் மனசாட்சிக்கு விட்டுவிட்டது.

இந்தப் பரீட்சை நடக்கும் கூடம் பார்க்க வேண்டிய இடம். இரும்புத் தகடு சுற்றிய பெரிய அறை. சுவரிலும் கூரையிலும் ஃபெர்ரைட் ஓடுகள், கரி கலந்த நுரைக் கூம்புகள். உள்ளே எழும் அலை எதிரொலிக்காமல் அவை விழுங்கிவிடும். கதவைச் சாத்தினால் செல்போன் சிக்னல் பூஜ்யம். நடுவில் சுழலும் மேடை, அதன் மேல் 80 சென்டிமீட்டர் உயர மேஜை. மேஜையில் கல்யாணப் பெண் மாதிரி பரீட்சைக்கு வந்த பொருள். அது மெள்ளச் சுழல, 3 அல்லது 10 மீட்டர் தள்ளி ஓர் ஆன்டெனா, 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் உயரம்வரை ஏறி இறங்கி உற்றுக் கேட்கும். எந்தக் கோணத்தில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்று வரைபடம் விழும். வீட்டில் வைக்கும் கம்ப்யூட்டர், டி.வி. வகைகள் 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை, 10 மீட்டர் தூரத்தில் மீட்டருக்குச் சுமார் 32 மைக்ரோவோல்ட்டைத் தாண்டக்கூடாது. மைக்ரோவோல்ட் என்பது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வயர் வழியாகக் கசியும் இரைச்சலுக்குத் தனிப் பரீட்சை. அது 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை.

இந்த அளவீட்டில் ஒரு மனித அம்சம் ஒளிந்திருக்கிறது. எப்போதாவது ஒரு தடவை 'டக்' என்று கேட்டால் ரேடியோ நேயர் பொறுத்துக்கொள்வார். அதே 'டக்' வினாடிக்கு நூறு தடவை வந்தால் ரேடியோவைத் தூக்கிப் போடுவார். இந்த எரிச்சலின் அளவையே அளவுகோலாக்கி, அடிக்கடி வரும் இரைச்சலுக்கு அதிகத் தண்டனை தருகிற மாதிரி ஒரு மீட்டரை அமைத்தார்கள். குவாசி-பீக் என்று பெயர். ரேடியோவின் பொற்காலத்தில் பிறந்த அது இன்றும் ஆய்வுக்கூடங்களில் பணியில் இருக்கிறது. வரைபடத்தில் விழும் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் யாரோ ஒரு நேயரின் காது இருக்கிறது.

அடுத்து, தாங்கும் சக்திக்கான பரீட்சை. இங்கே பொருளை வதைப்பார்கள். தில்லியின் டிசம்பர் குளிரில் கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கதவுப் பிடியைத் தொட்டால் சுரீர் என்று ஒரு பொறி பறக்குமே, அதைத் துப்பாக்கி வடிவக் கருவியால் செயற்கையாகச் செய்வார்கள். வழக்கமான அளவு, நேரே தொட்டு 4,000 வோல்ட், காற்று வழியே 8,000 வோல்ட். தூரத்தில் இடி விழும்போது மின்கம்பியில் ஏறும் எழுச்சியை ஊட்டுவார்கள். வோல்டேஜைச் சட்டென்று இறக்குவார்கள். நம் ஊரில் இதற்கு ஆய்வுக்கூடமே தேவையில்லை என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. பிறகு ஆன்டெனாவிலிருந்து நேரே ரேடியோ அலையைப் பாய்ச்சுவார்கள். வீட்டுப் பொருளுக்கு மீட்டருக்கு 3 வோல்ட், தொழிற்சாலைக் கருவிக்கு 10, வாகனத்துக்கு 30. நடுவில் எதுவுமே நடக்காத மாதிரி இயங்கினால் முதல் வகுப்பு. தடுமாறித் தானே சமாளித்தால் இரண்டாம் வகுப்பு. யாராவது வந்து ஸ்விட்சைப் போட்டு எழுப்ப வேண்டியிருந்தால் மூன்றாம் வகுப்பு. எந்தப் பொருளுக்கு எந்த வகுப்பு போதும் என்பது அதை நம்பி இருப்பது என்ன என்பதைப் பொறுத்தது.

அங்கேதான் விஷயம் தீவிரமாகிறது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மின்சார சக்கர நாற்காலிகள் உட்கார்ந்திருப்பவர் எதையும் தொடாமலே நகர்ந்ததாகப் புகார்கள் வந்தன. பக்கத்தில் யாரோ போலீஸ் வயர்லெஸ்ஸில் பேசினாலே போதும், நாற்காலிக்கு அது உத்தரவு. அந்நாட்டு எஃப்.டி.ஏ. 1994ல் எச்சரித்தது. நாற்காலிகள் மீட்டருக்கு 20 வோல்ட்டாவது தாங்க வேண்டும் என்றது. தூக்கத்தில் குழந்தை மூச்சை நிறுத்தினால் அலறவேண்டிய கருவிகள், எஃப்.எம். அலையில் ஏமாந்து மௌனமாக இருந்த சம்பவங்களையும் அதே அமைப்பு ஆராய்ந்தது. முழு சக்தியில் பேசும் ஜி.எஸ்.எம். போன் ஒரு மீட்டர் தூரத்திலேயே மீட்டருக்கு 7 வோல்ட் வாக்கில் அலை எழுப்பும். 3 வோல்ட்டில் பாஸான கருவி, அதே மேஜையில் கிடக்கும் போனிடம் தோற்றுப்போகலாம். 2014ல் திருத்தப்பட்ட சர்வதேச மருத்துவக் கருவித் தரம் இதை உணர்ந்து, வீட்டில் உபயோகிக்கும் கருவிகளுக்கு 10 வோல்ட் என்று உயர்த்தியது. ஆஸ்பத்திரியில் போனை அணைக்கச் சொல்ல ஒரு நர்ஸ் உண்டு. வீட்டில் ஆக்சிஜன் கருவியோடு படுத்திருக்கும் பாட்டியின் தலைமாட்டிலோ பேரன் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பான்.

சரி, நம் நாட்டு நிலவரம்? துறைக்குத் துறை வேறு. வாகனங்களுக்கு ஏ.ஐ.எஸ்.-004 என்ற தரம் இருக்கிறது. டெலிகாம் கருவிகளுக்கு 2019 அக்டோபரிலிருந்து கட்டம் கட்டமாகக் கட்டாயப் பரிசோதனை வந்தது, அதில் மின்காந்த இணக்கமும் சேர்த்தி. மருத்துவக் கருவிகள் எல்லாம் 2020 ஏப்ரல் 1 முதல் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. ராணுவத்துக்குச் சொந்தக் கெடுபிடி. மின்னணுப் பொருள்களுக்கு 2012ல் கட்டாயப் பதிவு ஆணை பிறந்து, எல்.இ.டி. பல்பு, அடாப்டர், பவர் பேங்க் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அதில் சேர்ந்தன. நல்ல காரியம். ஆனால் அந்தப் பதிவு முக்கியமாகப் பார்ப்பது பாதுகாப்பை. ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா என்று. அடுத்த வீட்டு ரேடியோ இரையுமா என்ற கேள்விக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பிடம் ஐ.எஸ். 14700 என்ற வரிசையில் தரங்கள் ஏட்டில் இருக்கின்றன. ஏட்டில் இருப்பது வேறு, கட்டாயம் வேறு. எல்லா மின்சாதனங்களையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவரும் ஐரோப்பா மாதிரியான பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை.

வசதி இல்லை என்று சொல்ல முடியாது. 1984ல் மும்பையில் தொடங்கிய அரசு நிறுவனமான சமீருக்குச் சென்னை தரமணியில் மின்காந்தவியலுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. எஸ்.டி.க்யூ.சி. ஆய்வுக்கூடங்கள் பல நகரங்களில் இருக்கின்றன. வாகனங்களைச் சோதிக்கப் புனேயிலும் சென்னையை அடுத்த ஒரகடத்திலும் பெரிய கூடங்கள். தனியார் கூடங்களும் பெருகிவிட்டன.

சிறு உற்பத்தியாளரின் பயம் நியாயமானது. இன்னொரு சான்றிதழ், இன்னொரு இன்ஸ்பெக்டர், இன்னொரு கவர் என்றுதான் அவருக்குத் தோன்றும். அவர் படும் பாடும் தனி. பொருளை முழுக்கச் செய்து முடித்து, பெட்டி அச்சடித்து, ஏற்றுமதி ஆர்டரும் வந்த பிறகு கூடத்துக்குப் போகிறார். ஃபெயில். கூடத்தின் வாடகை ஓடிக்கொண்டே இருக்க, கேபிளில் ஃபெர்ரைட் வளையத்தை மாட்டுகிறார், டப்பாவின் இடுக்கில் செம்பு நாடா ஒட்டுகிறார். உங்கள் கம்ப்யூட்டர் கேபிளில் பாம்பு எலியை விழுங்கின மாதிரி ஒரு புடைப்பு இருக்கிறதே, பல சமயம் அது இப்படிக் கடைசி நேரத்தில் வந்த வைத்தியம்தான். சர்க்யூட் போர்டு வரையும்போதே பூமி இணைப்பையும் பாதைகளையும் ஒழுங்காக அமைத்திருந்தால் அதில் பாதி தேவைப்பட்டிருக்காது. இதைக் கற்றுத்தர, ஆரம்பத்திலேயே குறைந்த கட்டணத்தில் ஒரு நாள் சோதித்துப் பார்க்க அரசு கூடங்கள் கதவைத் திறந்து வைக்கலாம். அபராதத்தைவிட அது மலிவு.

இன்ஸ்பெக்டர் பயத்துக்கும் மருந்து உண்டு. ஐரோப்பாவில் பெரும்பாலான பொருள்களுக்கு உற்பத்தியாளரே தன் பொறுப்பில் உறுதி கொடுக்கிறார். அரசின் வேலை, கடையில் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி வாங்கிச் சோதிப்பது. 2011ல் எல்.இ.டி. விளக்குகளை அப்படி எடுத்துப் பார்த்தபோது கணிசமானவை தேறவில்லை. கூடத்துக்கு அனுப்பிய மாதிரிக்கு வடிகட்டி வைத்து, கடைக்கு அனுப்பியதில் எடுத்துவிடும் சாமர்த்தியம் எல்லா நாட்டிலும் உண்டு. சான்றிதழைப் பார்த்தால் அது தெரியாது, கடைச் சரக்கைப் பிரித்தால் தெரியும். நாம் எல்.இ.டி. பல்பு, சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் என்று கோடிக்கணக்கில் விற்கும் நாலைந்து பொருள்களில் ஆரம்பிக்கலாம். தோற்றவற்றின் பெயரை வெளியிட்டால் அதுவே பாதி தண்டனை.

யார் சார் இந்தக் காலத்தில் ரேடியோ கேட்கிறார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. மின்சாரக் கார் கம்பெனிகள் சில அப்படித்தான் யோசித்தன. மோட்டாரின் இரைச்சல் ஏ.எம். ரேடியோவைக் கெடுத்தது. இரைச்சலைக் குறைப்பதற்குப் பதில் ரேடியோவையே காரிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. அவசர காலத்தில் மக்களுக்கு எப்படிச் செய்தி சொல்வது என்று அமெரிக்க எம்.பி.க்கள் சண்டை பிடிக்க, ஃபோர்டு கம்பெனி 2023ல் எடுத்த முடிவை மாற்றிக்கொண்டது.

நமக்கும் அந்த அனுபவம் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது டெலிபோன்கள் செத்துப்போயின. தற்செயலாக அப்போது போர்ட் பிளேரில் ஹாம் ரேடியோ நிகழ்ச்சி ஒன்றுக்காக முகாமிட்டிருந்தார் பாரதி பிரசாத். அவரும் தோழர்களும் ஷார்ட் வேவில் செய்தி அனுப்பி, தீவில் சிக்கியவர்களின் சேதியைத் தாய்நாட்டுக் கரைக்குச் சேர்த்தார்கள். 1999 ஒடிசா புயலிலும் ஹாம் நேயர்கள் இப்படி உழைத்தார்கள். கடல் தாண்டி வரும் அந்தக் குரல், வாங்குகிற ஆன்டெனாவில் மைக்ரோவோல்ட் கணக்கில்தான் இருக்கும். அதைக் கேட்கச் சுற்றுப்புறம் அமைதியாக இருக்க வேண்டும். தெருவுக்கு நூறு மலிவு அடாப்டர் இரைந்துகொண்டிருந்தால் அந்தக் குரல் அமுங்கிப்போகும். அமுங்கியது என்பது யாருக்கும் தெரியக்கூட வராது.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை உங்கள் கையில் ஒரு எளிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. பரணில் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டரை இறக்கி பேட்டரி போடுங்கள். மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, எரிகிற எல்.இ.டி. பல்புக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஒரு அடி நெருக்கத்தில் கொஞ்சம் இரைந்தால் மன்னிக்கலாம். அறையின் மறுமூலையிலும் இரைந்தால் அந்த பல்பை வாங்காதீர்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பத்துப் பேர் டிரான்சிஸ்டரோடு வந்தால், அடுத்த தடவை சரக்கு எடுக்கும்போது அவரே கம்பெனிக்காரரிடம் கேட்பார்.